பெரிய வீடும் எங்கள் தோணியும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, ஊரார் யாரோ ஒருவரைத் திட்டும்போது எதிரில் நின்று தலையாட்டுகிற தொழில். திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர்கள், பாதி அடித்த கடிதத்தைப் பறிகொடுத்தவர்கள், 'அணைத்துவிடாதீர்கள், புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற வாசகத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள், எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், மாடியில் ஒரு அறை. அதுதான் எங்கள் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் பாதி கடலும் பாதி கிரேனும் தெரியும். உப்புக்காற்று உள்ளே வந்து மதர்போர்டுகளை நிதானமாகத் தின்னும். நான் தயாளன், ரிப்பேர் பார்ப்பவன். எதிர் மேஜையில் எஸ்தர், சாஃப்ட்வேர் எழுதுபவள். அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்தவர். எஸ்தர் பிறந்தது இங்கேதான் என்றாலும் பேச்சில் அந்த ஊர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். என்னை அண்ணே என்பாள். கூடப்பிறந்தவர்கள் இல்லாமல் வளர்ந்தவன் நான். அந்த அண்ணே எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பெரிய கம்பெனியின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் தெரிவது அவர்கள் முகம்தான். எழுதுவது, கட்டம் போடுவது, மெயில் அனுப்புவது எல்லாமே அவர்களுடையது. அதற்கு மாற்றாக எஸ்தர் ஒன்று செய்தாள். உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டு வைத்திருக்கும் சாஃப்ட்வேரை எடுத்து, தமிழ் பேச வைத்து, பழைய மெஷினிலும் ஓடுகிற அளவுக்கு இளைக்க வைத்தாள். தோணி என்று பெயர் சூட்டினோம். அன்றைக்கு ஜன்னலோரம் நின்று பார்த்தபோது எண்ணூர் வரைக்கும் ஒவ்வொரு ஆபீஸிலும் தோணி மிதப்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. பகல் கனவு காண எங்கள் ரோட்டில் யாரும் வாடகை கேட்பதில்லை.

எஸ்தர் கனவு காண்கிற ரகம் இல்லை. அன்றே ஒரு கெடு வைத்தாள். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் பத்து இடத்திலாவது தோணி நிலையாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவள் சோழிங்கநல்லூர் பக்கம் ஏதாவது கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவாள். அவள் போய்விட்டால் தோணியும் போயிற்று. எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், சாஃப்ட்வேரில் ஒரு வரி எழுதத் தெரியாது. ஆகவே பத்து இடம் பிடிக்க நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ரேஷன் கார்டு

முதலில் போனது தாவூது பாய் கடைக்கு. ராயபுரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் செய்து கொடுக்கிற கடை. நான் போன நேரம், ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் வாசல் வரைக்கும் நிற்கிறார்கள், உள்ளே மூன்று மெஷினும் ஒரே சமயத்தில் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. பாய் அந்தக் கம்பெனியை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவங்க ஆபீஸ்ல ஒருத்தனாவது ஒரு தபா ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தா இந்த நேரத்துல இப்டிப் பண்ணுவானா என்று என்னைக் கேட்டார். வழக்கம்போல் தலையாட்டினேன்.

கூட்டம் போனதும் தோணியைப் போட்டுக் காட்டினேன். நொடியில் திறந்தது. தமிழில் வணக்கம் சொன்னது. பாய் முகம் மலர்ந்தது. பிறகு அவர் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கும் படிவங்களில் ஒன்றை, ஒரு வாடகை ஒப்பந்தத்தை, அதில் திறந்தார். அந்தப் படிவம் அந்தக் கம்பெனியின் முறையில் பிறந்தது. தோணிக்கு வந்ததும் வரிகள் இடம் மாறிவிட்டன. வீட்டுக்காரர் பெயர் இருந்த இடத்தில் காலி. குடிவருபவர் பெயர் சாட்சி இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பாய் கோபிக்கவில்லை. ஒவ்வொரு படிவமாகத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றிலும் யார் யார் எங்கே இடம் மாறியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கடைசியில் அவர் சொன்ன வார்த்தையிலிருந்துதான் அந்தக் கம்பெனிக்கு எங்கள் ஆபீஸில் பெரிய வீடு என்ற பெயர் நிலைத்தது. சின்ன வீடு என்றால் என்ன என்று தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"தயா, உன்னுது சின்ன வூடு மேரி கீது நைனா. பாக்க ஷோக்காதான் கீது, சண்ட போடல, சொன்ன பேச்சு கேக்குது. ஆனா ரேஷன் கார்டு பெரிய வூட்டுலதான கீது?"

பச்சை மேடு

அத்திப்பட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் சங்க ஆபீஸ் ஒன்று. அனல்மின் நிலையத்துக்குப் பக்கம். ஜன்னல் கம்பி, மேஜை, தண்ணீர்க் குடம், எதைத் தொட்டாலும் விரலில் சாம்பல் ஒட்டும். அங்கே எழுத்து வேலை பார்ப்பவர் கன்னியப்பன். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் ரிட்டயர் ஆகிற வயது. கடிதம் ஒன்றைத் திறந்தால் அது வருவதற்குள் அவர் வெளியே போய் சைக்கிளைத் துடைத்துவிட்டு வருவார்.

தோணியைப் போட்டேன். அந்தக் கிழட்டு மெஷின் ஓடியதைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல். மூன்றாம் நாள் போன் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் மேடு எங்கே என்றார். எந்த மேடு? கம்ப்யூட்டரைத் திறந்ததும் முன்பெல்லாம் ஒரு படம் வருமே, பச்சைப் புல் மேடு, மேலே நீல வானம், இரண்டு மூன்று வெள்ளை மேகம், ஆளே இல்லாமல். அந்த மேடு.

அந்தப் படம் பெரிய வீட்டுக்குச் சொந்தம், எடுத்துப் போட முடியாது என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். அவள் நியாயக்காரி. அதற்குப் பதிலாக, பழவேற்காடு ஏரியை விடியற்காலையில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப்பிடித்து வைத்தோம். தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்பு, நடுவில் நாரைகள். எனக்கே அதற்குள் இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது. கன்னியப்பன் வெகுநேரம் பார்த்தார். அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பல வருஷப் பழக்கம் என்றும், மேட்டின் அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கண்ணை மூடினால் அரைத்தூக்கம் வரும் என்றும் சொன்னார். நான் ஏரியின் அழகைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தேன். பலிக்கவில்லை. பழையதையே போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது கன்னியப்பன் எனக்குச் சமாதானம் சொன்னார்.

"ஏரி நம்மாண்டையே கீது தம்பி, பஸ்ஸு ஏறுனா போய்ப் பாத்துக்கலாம். போவ முடியாத எடத்ததான் மாட்டி வெக்கணும்."

லாரிக்கு மரியாதை

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு. வாசல் கூண்டில் ரமணி அக்கா உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரிக்கும் வெளியே போகிற லாரிக்கும் சீட்டு அடித்துக் கொடுப்பார். பெரிய வீட்டுச் சாஃப்ட்வேரில் லாரி நம்பரைத் தட்டினால் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அதற்கு அங்கே ஒரு பேரே உண்டு, 'சுத்துது'. ரமணி அக்கா தலையை வெளியே நீட்டி, சுத்துதுபா என்றால், டிரைவர் இறங்கி எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு வருவார். லாரிகள் தூரத்தில் கப்பலைப் பார்த்துக்கொண்டு உறுமியபடி நிற்கும். உலகமே கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். ஆனால் வரிசை நீண்டு ரோட்டுக்கு வந்துவிடுகிறது என்று மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார்.

தோணியில் நம்பரைத் தட்டியதும் சீட்டு வந்து விழுந்தது. எஸ்தருக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று மாலையே புகார். சீட்டு கொடுக்கிற வேகத்தைப் பார்த்து டிரைவர்களுக்குச் சந்தேகம். கம்ப்யூட்டர் உள்ளே எதையும் பார்க்காமலே துப்புகிறது என்று பேச்சு. சிலர் சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல், இன்னொரு தபா போடுக்கா என்று நின்றார்கள். வரிசை முன்னைவிட நீண்டது. மீஞ்சூர் சேகர் என்கிற டிரைவர், நாற்பது அடி கண்டெய்னரை இழுத்துகினு வரேன், அதுக்கு ஒரு நிமிசம் யோசிக்கக் கூடாதா என்று என்னிடம் வருத்தமாகவே கேட்டார்.

நான் தயங்கித் தயங்கி எஸ்தரிடம், சும்மா ஒரு வட்டம் சுற்ற விடலாமா என்றேன். ஓடுததப் பிடிச்சு நிறுத்தச் சொல்லுதியளா அண்ணே என்றாள். மேனேஜர் வாரக் கடைசிவரைதான் டயம் கொடுத்திருந்தார். மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்து, எந்த வேலையும் செய்யாமல் ஐந்து விநாடி சுற்றுகிற ஒரு வட்டத்தை எழுதிக் கொடுத்தாள். யார்டில் தோணி நிலைத்துவிட்டது. பத்தில் ஒன்று. அதைப் போட்ட அன்று சேகர் சீட்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, திருப்தியாகச் சொன்னார்.

"இன்னா பண்ணீங்க? இப்பதான் ஒயுங்கா வேல செய்யிது."

யார் படுப்பது

ஒரு நாள் காலை பெரிய வீடு படுத்துவிட்டது. மாத்தூருக்குப் பக்கத்தில், மணலி எல்லையில் இருக்கிற ஒரு தொழிற்சாலையில், எல்லாத் திரையும் ஒரே நீலம். கொள்முதல் அதிகாரி சீனிவாசன் சார் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது ஆபீஸ் முழுக்க வேப்பமரத்தடியில் இருந்தது. ஒருவர் கண்ணை மூடிக் கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்ட மாதிரி எல்லோர் முகத்திலும் ஒரு லேசான ஒளி. எனக்கும் அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றியது.

இதுதான் சமயம் என்று சீனிவாசன் சாரிடம் தோணியை எடுத்து விட்டேன். இந்த மாதிரி படுக்காது, படுத்தாலும் எஸ்தர் வந்து எழுப்பிவிடுவாள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு நான்கு வருஷ சர்வீஸ் பாக்கி, இரண்டாவது பெண்ணுக்கு வரன் பார்க்கிறார். எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காத தூரத்துக்கு அழைத்துப் போனார். இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் இந்தத் தொழிலில் எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

"அது படுத்தா ஊருக்கே படுக்குது தயாளன், என்னை ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கமாட்டான். உங்களோடது படுத்தா, 'இதை வாங்கச் சொன்னது யாரு'ன்னு கேப்பான், அப்ப நான்தானே படுக்கணும்?"

முகத்தில் களை

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஒரு வாரம், பெரிய வீடு அனுப்பிய ஏதோ ஒரு திருத்தத்தால் எங்கள் பக்கத்துப் பிரிண்டர்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. காசிமேட்டு ஐஸ் கம்பெனி, மரக்கடை, கிளினிக், திருவொற்றியூரில் இரண்டு டியூஷன் சென்டர். போன் ஓயவில்லை. நான் ரெயின்கோட்டில் பைக்கில் பறக்கிறேன். போகிற இடமெல்லாம் தயா வந்துட்டாருபா என்று வழி விடுகிறார்கள். பிரிண்டர் பேசியதும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். பாலத்தின் மேல் ஒரு முறை நின்றேன். கீழே ரயில், அந்தப் பக்கம் மழைக்குள் மங்கலாகக் கடல். இந்த ஊருக்கு நான் தேவை என்று அந்த நிமிஷம் நெஞ்சு நிறைந்து தோன்றியது.

அந்த வாரம் தோணியைப் பற்றி நான் ஒருவரிடமும் பேசவில்லை. பேச வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. ஊமையான பிரிண்டர் ஒவ்வொன்றும் எனக்குச் சோறு போட்டது. தோணி போட்ட இடத்திலிருந்து என்னை யாரும் கூப்பிடுவதே இல்லை, கூப்பிடக் காரணம் இல்லை. பெரிய வீட்டுக்கு ஊர் ஊருக்கு என்னைப் போல் ஆயிரம் பேர் சம்பளம் இல்லாத சிப்பாய்களாக ஓடுகிறோம் என்பது எனக்கு உறைத்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். தலையைத் துவட்டத் துண்டைக் கொடுத்துக்கொண்டே என் மனைவி செல்வி என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"அவன் அவன் பேஜாராயி குந்திகினுகீறான், உன் மூஞ்சில மட்டும் இன்னாயா கல்யாணக் கள?"

மூன்று தட்டு

வியாசர்பாடி குடியிருப்பில், சமுதாயக் கூடத்தின் மாடியில் ஜெயந்தி மேடம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். சுவரில் புத்தர் படம், கீழே தானமாக வந்த ஆறு பழைய மெஷின்கள். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண்கள் வருவார்கள். அந்த ஆறு மெஷினிலும் தோணியைப் போட்டுக் கொடுத்தோம். ஐந்து மாதம் அருமையாகப் போயிற்று. பத்தில் நான்காவது இடம் அது, எஸ்தருக்கு அதுதான் செல்லம். அங்கே போய்விட்டு வந்த நாட்களில் ஜன்னலோரம் நின்று தனக்குத்தானே ஏதோ மெட்டை முனகுவாள்.

மேகலா என்று ஒரு பெண். தோணியில் அவள் விரல் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒரு ஷிப்பிங் ஆபீஸில் நேர்காணல். எந்தச் சாஃப்ட்வேர் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். தோணி என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். எதிரில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, அது தெரியுமா என்று பெரிய வீட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றிருக்கிறாள். அவ்வளவுதான். ஜெயந்தி மேடம் போனில் இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. தோணி நல்லாத்தான் கீது சார், வேல குடுக்கறவன் அந்தப் பேரக் கேட்டதில்லையே, பழையத போட்டுக் குடுத்துடுங்க என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கனவால் அந்தப் பெண்ணின் வேலை போயிற்று என்று நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் எஸ்தர் தானே போய் ஆறு மெஷினிலும் தோணியை எடுத்துவிட்டுப் பெரிய வீட்டை வைத்தாள். வைத்துவிட்டு வந்துவிடவில்லை. மூன்று வாரம், தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்து மேகலாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாள். நானும் ஒரு நாள் கூடப் போனேன். வெளியே பட்டம் விடுகிற கூச்சல், உள்ளே மின்விசிறி, எஸ்தர் தான் வெறுக்கிற சாஃப்ட்வேரின் ஒவ்வொரு மூலையையும் அத்தனை பொறுமையாகக் காட்டினாள். மேகலா கற்றுக்கொண்டு, அடுத்த நேர்காணலில் தேறி, வேலைக்கும் போய்விட்டாள். ஆனால் நான் கூடப் போன அன்று, மூன்றாவது தட்டைத் தட்டிவிட்டு அவள் எஸ்தரைக் கேட்டாள்.

"அதுல ஒரு தட்டு தட்டுனா வந்துச்சுக்கா, இதுல மூணு தட்டு தட்ட வேண்டியதா கீது. அப்பறம் ஏன்க்கா அல்லாரும் இதயே கேக்கறாங்க?"

சிவப்புக் கோடு

டிசம்பர் வந்தது. ரோட்டில் ஸ்டார் கட்டிவிட்டார்கள். பத்துக்கு மூன்று இடம்தான் நின்றது. அதில் ஒன்று பொய் வட்டத்தில் நிற்கிறது. நான் இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றேன். எஸ்தர் சிரித்தாள், வாக்கு வாக்குதான் என்றாள். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி அவளுடைய விவரங்களைக் கேட்டிருந்தது. அவள் தோணியில் அழகாக அடித்து அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: வரிகள் கலைந்திருக்கின்றன, வழக்கமான முறையில் அடித்து மாலைக்குள் அனுப்பவும்.

மணி நான்கு. ஜன்னல் வழியே மஞ்சள் வெயில் அவள் மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. எஸ்தர் என் பக்கம் திரும்பாமலே, உங்க பையில இருக்க லேப்டாப்ப எடுங்க அண்ணே என்றாள். எந்த லேப்டாப் என்றேன். அதான், ஒளிச்சு வச்சிருக்கியளே, அது என்றாள். தோணி ஆரம்பித்த நாளிலிருந்தே பெரிய வீட்டுச் சாஃப்ட்வேர் போட்ட ஒரு லேப்டாப்பை என் பையின் அடியில், டவலில் சுற்றி வைத்திருந்தேன். கஸ்டமர் படிவங்களைத் திறக்க, அச்சகத்துக்கு அனுப்ப, அவசரத்துக்கு. தோணிக்கு நாங்கள் அடித்த நோட்டீஸைக்கூட அதில்தான் அடித்தேன், அச்சகத்துக்காரர் வேறு எதையும் வாங்க மாட்டேன் என்றார். இவ்வளவு நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். தன் பெயரை அடித்தாள், படிப்பை அடித்தாள். செய்த வேலை என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் தோணி என்று அடித்தாள். உடனே அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு நெளிந்தது. அப்படி ஒரு சொல்லே கிடையாது, பிழை என்று பெரிய வீடு சொல்கிறது. அவள் விரல் நின்றுவிட்டது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அந்த இடத்தில் வேறு ஏதாவது வார்த்தை போட்டுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அந்தச் சொல்லின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்து, அகராதியில் சேர் என்ற இடத்தில் அழுத்தினாள். கோடு மறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"சேத்துட்டேன் அண்ணே. இனி அதுக்கும் தோணின்னா என்னன்னு தெரியும்."

இவ்வளவு வசவு வாங்கியும் அந்தக் கம்பெனி எப்படி ஜெயித்துக்கொண்டே இருக்கிறது என்று என்னைக் கேட்பவர்களுக்கு, அதைத் திட்டி எழுதுகிற இந்தக் கட்டுரையையும் அதில்தான் அடித்து முடித்தேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.